பெரட்டுக்களத்து மௌனமும் பேசக் கற்கும் பிள்ளைகளும்

கொத்மலைப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நிற்கும் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை மண்ணையும் மூலதனத்தையும் கொண்டு எழுதியோர் பலர். அதனை உரையாடலின் வரலாறாகவும் எழுதலாம். விடியலில் தப்பொலி கேட்டு எழுந்த மக்கள் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றனர். துரை கணக்கப்பிள்ளைக்குச் சொன்னார். கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொன்னார். கங்காணி தொழிலாளிக்குச் சொன்னார். சொல் மேலிருந்து கீழே இறங்கிற்று. கீழிருந்து மேலே ஏற அதற்குப் பாதை இல்லை. துரையின் முகத்தை நிமிர்ந்து நோக்குதல் திமிர் எனப்பட்டது. கவிழ்ந்த தலையே பணிவு எனப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோதும், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே தலைக்கணக்காகப் பங்கிட்டபோதும் அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

இந்தப் பெரிய மௌனத்தினுள் சிறியதொரு மௌனமும் இருந்துவந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்த ஒரு பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். வளர்ந்து பதினான்கு, பதினைந்து வயதானபின் பேச்சு வந்தாலும், பஸ் இலக்கங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறான். பிறர் கேலி செய்வதை நட்பென்று எண்ணுகிறான். இத்தகைய பிள்ளையை ஊமை என்றனர், கிறுக்கு என்றனர், சாமி குற்றம் என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினர். ஓட்டிசம் என்று இன்று இலங்கையிலும், ஆட்டிசம் என்று தமிழ்நாட்டிலும் வழங்கும் பெயர் அந்தத் தாய்மாரின் செவிக்கு எட்டியதில்லை.

உலகமும் இதனை எளிதில் அறிந்துகொண்டதன்று. 1925இல் சோவியத் நாட்டின் மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் இத்தன்மையுள்ள ஆறு சிறுவர்களை ஆராய்ந்து எழுதினார். அவருடைய கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளை விவரித்தார். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதினார்; அவர் நாஜி ஆட்சியின் கீழ்க் குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்குச் சில பிள்ளைகளை அனுப்பிவைத்தார் என்ற கொடிய உண்மையை 2018இல் ஹெர்விக் செக் என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களைக் கொண்டு வெளிப்படுத்தினார். அறிவியல் வளர்ந்த அதே கட்டிடத்தில் அநீதியும் குடியிருந்தது.

அடுத்து வந்தது தாய்மார் மீது சுமத்தப்பட்ட பழி. அன்பில்லாத, குளிர்ந்த மனமுடைய தாயே பிள்ளையின் இந்நிலைக்குக் காரணம் என்று அறிஞர் சிலர் சாதித்தனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதனைப் பெரிய நூலாகவே எழுதினார். நம் தோட்டத்துத் தாயிடம் ‘என்ன பாவம் செய்தாயோ’ என்று கேட்ட அண்டை வீட்டாருக்கும், அமெரிக்கத் தாயிடம் ‘உன் மனம் குளிர்ந்தது’ என்று சொன்ன பேராசிரியருக்கும் என்ன வேறுபாடு? பழியைப் பெற்றோர் எதிர்த்தனர். 1962இல் லண்டனில் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தனர். ஓட்டிசமுள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலியல் சார்ந்தது என்று 1964இல் நூல் எழுதி வாதாடினார். 1977இல் சூசன் போல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையரை ஆராய்ந்து மரபணுவின் பங்கினைக் காட்டினர். தாய் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கினாள்.

பேசக் கற்பிக்கும் முறைகளின் வரலாறும் இத்தகையதே. 1960களில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ், சொன்னபடி செய்த பிள்ளைக்கு உணவும் செய்யாத பிள்ளைக்கு அடியும் கொடுத்துப் பழக்கினார், மின்னதிர்ச்சியும் பயன்பட்டது. அது வேறொரு பெரட்டுக்களமே! 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்னும் ஆசிரியை, ஒரு சூழலில் என்ன நிகழும், பிறர் என்ன எண்ணக்கூடும் என்பதைச் சிறு கதையாக எழுதிப் பிள்ளைக்கு விளக்கினார். பின்னர் எலிசபெத் லாகசன் முதலானோர் வளரிளம் பருவத்தினருக்காக வாராந்த வகுப்புகளை வகுத்தனர். உரையாடலைத் தொடங்குவது, அதனை மாறிமாறிக் கொண்டுசெல்வது, முடித்து விடைபெறுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் நடித்துப் பழகினர்; அதே வேளையில் பெற்றோருக்கும் தனி வகுப்பு நடந்தது.

ஆயினும் முக்கியமான கேள்வியை எழுப்பியவர் தாமே ஓட்டிசமுள்ள அறிஞரான டேமியன் மில்டன். உரையாடல் முறியும்போது குற்றம் ஒருவரிடம் மட்டும் எப்படி இருக்கும் என்று 2012இல் அவர் கேட்டார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்பது உண்மையானால், நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்பதும் உண்மையன்றோ? 2020இல் வெளிவந்த எடின்பரோ ஆய்வொன்றில், ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லி வரிசையாகக் கடத்தும்போது, ஓட்டிசமுள்ளோர் மட்டும் கொண்ட வரிசை ஏனையோரின் வரிசைக்குச் சற்றும் குறையவில்லை என்று காணப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இல் இயற்றப்பட்டது. 2009இல் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் சிறு குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் இது செல்வர் வீட்டு நோய், மேல்நாட்டு நோய் என்ற பேச்சுக்கு அது இடம் வைக்கவில்லை. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆனால் மலையிலிருந்து ராகமைக்குச் செல்லும் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழந்தே செல்கிறாள். பேச்சைக் கற்பிப்போர் பிள்ளையின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும். லயத்திலே வழங்கும் தமிழை அறிந்த சிகிச்சையாளர் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

மேல்நாட்டுப் பாடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தாலும் பயனில்லை. கண்ணுக்குக் கண் நோக்கிப் பேசு என்கிறது அப்பாடம். தலை கவிழ்ந்து நிற்பதைப் பணிவென்று நூற்றைம்பது ஆண்டுகள் பழக்கிய தோட்டத்திலே, நிமிர்ந்து நோக்காத பிள்ளையை மட்டும் குறையுள்ளவன் என்று சொல்வது எந்த நியாயம்? கண்ணை நோக்குவது சில பிள்ளைகளுக்குப் பெருந்துன்பம். செவி கேட்கிறதா, பொருள் விளங்கிற்றா என்பதே நமக்கு வேண்டியது.

கற்பிக்க வேண்டியவை அவனுடைய வாழ்க்கையிலேயே உள்ளன. கடையில் சாமான் கேட்டு மிச்சக்காசு வாங்குதல். பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லுதல். யாரை அண்ணன் என்பது, யாரை மாமா என்பது, யாரை ஐயா என்பது என அறிதல். விளங்காதபோது ‘இன்னொருமுறை சொல்லுங்கள்’ என்று கேட்டல். எல்லாவற்றினும் மேலாக, ‘வேண்டாம்’ என்று மறுத்தல். ஏமாற்றுவோரும் தீண்டுவோரும் உள்ள உலகில், எதற்கும் தலையாட்டப் பழகிய பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லே காவல். பேச்சே வராதவனுக்குப் படமும் சைகையும் எழுத்தும் மொழியாகும். அவையும் பேச்சுக்குச் சமமானவையே.

இதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்திலே தோட்டத்து இளைஞர் வேடம் ஏற்று, தன் முறை வரும்வரை காத்திருந்து, பிறர் பாடியதற்கு மறுமொழி பாடுகின்றனர். உரையாடலின் இலக்கணம் அதுவேயன்றோ? கூத்துக் கற்பிக்கும் மாஸ்டரின் பொறுமை பள்ளிக்கூடத்துக்கும் வருமானால் நன்று. கொத்மலைச் சமூக வானொலி 1989இல் தோன்றியது. 1990களின் இறுதியில், நேயர் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பி உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒருவர் கேட்க, மற்றவர் தேட, சற்றே காத்திருந்து விடை பெறும் முறை அது. ஓட்டிசமுள்ள பிள்ளை நம்மிடம் வேண்டுவதும் அந்தச் சிறு பொழுதையே. கேட்டவுடன் பதில் வரவில்லையென்று அடுத்த கேள்வியை அவன்மேல் வீசாமல் நாம் காத்திருக்கக் கூடாதா?

ஆகவே பயிற்சி அவனுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கும், பள்ளி ஆசிரியருக்கும், வகுப்புத் தோழருக்கும், கடைக்காரருக்கும், தொழிற்சங்கத் தலைவருக்கும் அது வேண்டும். சம்பள உயர்வுக்காகவும் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்த சங்கங்கள், பிரதேச வைத்தியசாலைக்கு ஒரு தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளரைக் கேட்டும் குரல் கொடுக்கட்டும். பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் நாளுக்குச் சம்பளத்தைக் கேட்கட்டும். தம் சொல்லைக் கேட்பாரின்றி நின்ற துயரத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இம்மக்கள். தம் பிள்ளைகளில் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொல்லும் முதற் சொல்லுக்குச் செவி கொடுக்க, அவர்களினும் தகுதியுடையோர் யார்?