முத்திரை காக்காத கழுகு

அமெரிக்க அரசு முத்திரையில் சிறகு விரித்து நிற்கும் வெண்தலைக் கழுகு, 1782இல் அந்த இடத்தைப் பெற்றது. அது தேசியப் பறவை என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டதோ 2024 டிசம்பரில்தான். இடைப்பட்ட 242 ஆண்டுகளில் அது பட்ட பாட்டைப் பார்க்கும்போது, சின்னத்தைப் போற்றுவதும் அந்த உயிரைக் காப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலப் பெயர் வழுக்கையைச் சுட்டுவதுபோல் ஒலித்தாலும் இக்கழுகுக்கு வழுக்கை கிடையாது. வெண்மையைக் குறித்த பழஞ்சொல்லின் எச்சம் அது. இளம் பறவை உடல் முழுதும் பழுப்பாகவே இருக்கும். தலையும் வாலும் முற்றிலும் வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். திரைப்படங்களில் அதன் குரலாக ஒலிக்கும் கம்பீரமான அலறல், பெரும்பாலும் செவ்வால் பருந்திடம் இரவல் வாங்கியது. சொந்தக் குரல் மெலிந்த கீச்சொலிதான். விராலடிப்பான் பிடித்த மீனைப் பறித்துத் தின்பதும் உண்டு. இதைச் சுட்டித்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், ஒழுக்கங்கெட்ட பறவை என்று அதைச் சாடினார். அதை நான் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அலாஸ்காவில் நடந்தது நகைச்சுவை அன்று. சால்மன் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்ற புகாரின் பேரில், 1917 முதல் 1953 வரை கழுகைக் கொன்றவர்களுக்கு அங்கே அரசே சன்மானம் வழங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் மடிந்தன. 1940இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய கழுகுப் பாதுகாப்புச் சட்டமும் அலாஸ்காவுக்கு விலக்கு அளித்திருந்தது.

அடுத்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. இக்கழுகு ஆண்டுதோறும் குச்சிகளை அடுக்கித் தன் கூட்டைப் பெரிதாக்கும். புளோரிடாவில் அளக்கப்பட்ட ஒரு கூடு ஆறு மீட்டர் ஆழமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. சார்லஸ் பிராலி என்ற ஓய்வுபெற்ற கனடிய வங்கியாளர், புளோரிடாவின் கூடுகளுக்கு ஏறி, 1939 முதல் பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு அடையாள வளையம் பூட்டினார். 1947 முதல் குஞ்சுகள் குறைவதை அவர் கண்டார். போருக்குப் பின் எங்கும் தெளிக்கப்பட்ட டிடிடி பூச்சிக்கொல்லி, நீரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து கழுகுக்கும் சென்று சேர்ந்திருந்தது. அதன் எச்சம் முட்டை ஓட்டில் கால்சியம் படிவதைத் தடுக்க, அடைகாக்கும் பறவையின் எடையாலேயே முட்டைகள் நொறுங்கின. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூல் பிராலியின் கணக்கைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. மறு ஆண்டு, அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் எஞ்சியிருந்தவை 417 இணைகள் மட்டுமே.

1972இல் டிடிடி தடைசெய்யப்பட்டது. 1973இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. 2007இல் 9,789 இணைகளுடன் இக்கழுகு அப்பட்டியலிலிருந்து நீங்கியது. 2021இல் வெளியான அரசு மதிப்பீடு, அதே நிலப்பரப்பில் சுமார் 3,16,700 கழுகுகள் வாழ்வதாகச் சொல்கிறது.

ஆயினும், 38 மாநிலங்களில் வெண்தலைக் கழுகுகளையும் பொன்னாங்கழுகுகளையும் ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழப் பாதிப் பறவைகளில் நாள்பட்ட ஈய நஞ்சைக் கண்டது. வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் மான் குடலில் சிதறிக்கிடக்கும் தோட்டாத் துகள்களே முக்கியக் காரணம். செப்புத் தோட்டாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றிலும் தடைசெய்திருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் அந்த அளவுக்குச் செல்லவில்லை.