புணே கண்ட எளிய வாழ்வு

இல்லம் பெரிதானால் உள்ளம் ஓய்வு பெறும் என்றெண்ணியே நாம் உழைக்கின்றோம். ஓர் அறை இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஆயினும் அவ்வறைகளில் அமர்ந்து இளைப்பாற நமக்கு நேரந்தான் வாய்ப்பதில்லை. கடனுக்குத் தவணை கட்டுவதிலும் அலுவலகத்திற்கு விரைவதிலுமே நாள் கழிகின்றது. நாம் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய இப்புணே நகரில், நூறாண்டுகட்கு முன் வாழ்ந்த சான்றோர் சிலர், 'நமக்கு எவ்வளவு போதும்?' என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1884-ஆம் ஆண்டு இந்நகரில் தக்காணக் கல்விக் கழகம் தோன்றியது. மறு ஆண்டே பெர்குசன் கல்லூரி எழுந்தது. திங்களுக்கு 75 ரூபாய் என்னும் அளவான ஊதியத்தில் 20 ஆண்டுகள் உழைப்பது அதன் ஆயுள் உறுப்பினர்க்குரிய நெறியாயிற்று. ஆனால், 'போதும்' என்று சொல்லுதல் எளிது. அச்சொல்லைக் காத்தல் அரிது. உறுப்பினர் வெளியே பொருள் ஈட்டலாமா என்பது பற்றிப் பூசல் மூண்டது. ஈட்டலாகாது என்றார் திலகர். ஏனையோர் பலர் உடன்படவில்லை. 1890-இல் அவர் கழகத்தினின்றும் விலகினார்.

அன்று திலகர்க்கு எதிரணியில் நின்றவர், எண்கணிதப் பாடநூல் எழுதி வருவாய் பெற்ற கோபால கிருஷ்ண கோகலே. அவரே 15 ஆண்டுகட்குப் பின், 1905 சூன் 12-ஆம் நாள், இந்திய ஊழியர் சங்கத்தை இந்நகரில் நிறுவினார். சேர்வோர் ஏழு உறுதிமொழிகள் ஏற்றல் வேண்டும். சங்கம் தமக்கும் தம் குடும்பத்திற்கும் அளிப்பதைக் கொண்டு மனநிறைவு எய்துதலும், தமக்கெனப் பொருளீட்ட முயலாதிருத்தலும் அவற்றுள் ஒன்று. திலகர் வற்புறுத்திய நெறியையே கோகலேயும் இறுதியில் வந்தடைந்தார் எனல் பொருந்தும்.

அந்நெறியை ஏற்ற தமிழர் ஒருவரை நாம் பெருமிதத்துடன் நினைவுகூர்கின்றோம். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து 1907-இல் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். உலக அரங்குகளில் முழங்கிய அந்நாவலரின் வீட்டுச் செலவைச் சங்கத்தின் அளவான படியே தாங்கியது.

கோகலேயின் அழைப்பால் 1891-இல் பெர்குசன் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்தவர் தோண்டோ கேசவ் கார்வே. கைம்பெண்கட்காக அவர் 1896-இல் தொடங்கிய இல்லம், 1900-இல் நகருக்கு வெளியே ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறியது. கல்லூரிப் பணி முடிந்ததும் சேற்று வழியில் அவர் கால்நடையாகவே அங்குச் சென்று வருவார். அக்குடிசையில் முளைத்த முயற்சியே 1916-இல் மகளிர் பல்கலைக்கழகமாகக் கிளைத்தது. 1958-இல் பாரத ரத்னா பெற்ற அப்பெரியார் 1962-இல் தம் 104-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த பகுதி இன்று கார்வே நகர் எனப்படுகின்றது. அங்கு மாடிக்கு மேல் மாடி எழுந்துள்ளது.

எனினும், எளிமையைப் போற்றுங்கால் அதன் விலையை மறைத்தலாகாது. உறுதிமொழி ஏற்றவர் ஒருவர். அதன்படி வாழ்ந்தது குடும்பம் முழுவதும். கார்வேயின் துணைவியார் ஆனந்திபாய் மராத்தியில் எழுதிய தன்வரலாற்றைப் படிப்போர், பொதுப்பணிக்குப் போக எஞ்சியதைக் கொண்டு இல்லம் நடத்துவதன் அருமையை உணர்வர். மேலும், பழைய புணேயின் வாடாக்களில் ஒரு முற்றத்தைச் சுற்றி ஓரிரு அறைகளில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்கள், எளிமையைத் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஒரே குழாயடியில் பல வீட்டுக் குடங்கள் காத்துக் கிடந்தது வறுமையின் வரிசை. அதனை நோன்பு எனல் அறியாமை. 1961 சூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து வெள்ளம் புகுந்தபோது, முட்டா நதிக்கரையோரம் அவ்வீடுகளுள் எத்தனையோ சரிந்தன. அவற்றுள் வாழ்ந்தோர் நல்ல வீடு நாடியதில் குற்றமேதும் இல்லை.

ஆகவே, சிறிய வீடு என்பதனாலேயே அது சிறந்த வாழ்வு ஆகிவிடாது. தேவைக்கு எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டோர்க்கே அது சிறப்பாகும். கோகலேயும் கார்வேயும் சாஸ்திரியாரும் பொருளில் குறைத்துக்கொண்டதைக் காலத்தில் பெற்றனர். பெற்ற காலத்தைப் பிறர்க்கு ஈந்தனர். அவர்தம் துறவு நமக்கு இயலாதிருக்கலாம். சம்பள நாளை எண்ணி வாழும் நம்மனோர்க்கு இயல்வதும் ஒன்றுண்டு. அடுத்த அறைக்குக் கடன் வாங்குமுன், அதனை அடைப்பதற்கு எத்தனை மாலைப் பொழுதுகளைக் கொடுக்கப் போகின்றோம் என்று ஒருமுறை கணக்கிடுவோமாக. அக்கணக்கில் நம் இல்லத்தாரின் பங்கையும் கேட்டே எழுதுவோமாக.