ஓயாத வளைவும் அதன் கால்களும்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயில் முதலான தொண்டை நாட்டுக் கற்கட்டடங்களில், தூணின் மேல் போதிகையும் அதன் மேல் உத்தரமும் படுத்திருக்க, பாரம் நேர்கீழாக இறங்கிவிடுகிறது. வளைவு அப்படியன்று, தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு இருபுறமும் ஓயாமல் தள்ளிக்கொண்டேயிருக்கும். வளைவுக்கு உறக்கமில்லை என இந்நாட்டுக் கட்டடக்காரர்கள் கருதியதாக 19ஆம் நூற்றாண்டின் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் குறித்தார். பழைய பாலங்களின் பழுதுகளைப் பார்த்தால் அக்கருத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

ஆற்றுப்பாலத்தில் வளைவு வேரூன்றியது வணிகர்களாலும் கும்பினி அதிகாரிகளாலும். 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் தம் பணத்தில் பாலம் கட்டினார். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியில் சுலோசன முதலியார் பெரும்பொருள் தந்து எழுப்பிய பதினொரு கண் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. (பாலத்தின் ஒவ்வொரு வளைவுத் திறப்பையும் ‘கண்’ என்பது வழக்கு.) 1869 வெள்ளத்தில் அதன் சில கண்கள் விழ, பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன.

ஆப்பு வடிவில் அடுக்கப்பட்ட வளைவுக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பவை. ஆதலால் கல் நொறுங்கி வளைவு விழுவது அரிது. தூண் சற்றே அமிழ்ந்தால் சில இணைப்புகள் வாய் பிளந்து கீல்போல் திரும்பும். மூன்று கீல்கள் வரை வளைவு புதிய நிலைக்கு இசைந்துகொண்டு நிற்கும், நான்காவது தோன்றினால் சரியும். இன்னொரு நோய் மேலிருந்து வருவது. சாலைக்கும் வளைவுக்கும் நடுவே கொட்டிய மண் மழைநீரை உறிஞ்சி ஊதிப் பக்கச்சுவரை வெளியே தள்ள, சுவரை ஒட்டி நெடுக்கு வெடிப்பு விழுகிறது. அந்நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழ்முகத்தில் வெண்கோடுகளாக வடிகிறது. காகம் இட்ட அரசவிதை அவ்விடுக்கில் முளைத்து வேரால் கல்லை நெம்புகிறது. செங்கல் வளைவாயின் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள்: கணீரென்றால் கட்டுமானம் உறுதி, பொத்தென்றால் அடுக்குகள் பிரிந்துவிட்டன.

கண்ணுக்குத் தெரியும் இவற்றைவிடக் கொடியது காலடியில் நடப்பது. தூண் நீரோட்டத்தைத் தடுப்பதால் அதன் முகப்பில் நீர் கீழ்நோக்கிச் சுழன்று மணலைப் பறிக்கிறது; அடித்தளம் நழுவி ஒரு கண் விழுந்தால், எதிர்த்தள்ளலை இழந்த பக்கத்துத் தூணும் சாயக்கூடும். திருப்புட்குழிக்குத் தெற்கே ஓடும் பாலாறு போன்ற மணலாறுகளில், வெள்ளம் உச்சத்தில் பறித்த பள்ளத்தை வடியும்போது அதே வெள்ளம் மணலிட்டு மூடிவிடுகிறது. கோடையில் ஆற்றில் இறங்கிப் பார்ப்பவருக்குத் தூணைச் சுற்றிலும் சமதரையே தெரியும்.