எந்தப் படியில் நிற்கிறது நம் வழக்கு?

கோட்டக்குப்பத்தில் நின்று தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் முத்தியால்பேட்டை. அது புதுச்சேரி. அங்கே வேற போலீஸ், வேற கோர்ட்டு, வேற சர்க்கார். கோட்டக்குப்பம் ஸ்டேஷனில் பதிவாகிற சாதாரண வழக்கு வானூர் கோர்ட்டுக்குப் போகும். கொலை, வன்கொடுமை என்றால் விழுப்புரம். விழுப்புரத்துக்கு பஸ் ஏறணும்னா புதுச்சேரிக்குள்ளே போய்த்தான் ஏறணும். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோர்ட்டு நமக்கில்லை. அதைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போனால்தான் நம்ம கோர்ட்டு வரும். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிகிற வரைக்கும் ஜில்லா கோர்ட்டு கடலூரில் இருந்தது. 1954 வரைக்கும் நடுவில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. தமிழ்நாட்டு நீதியைத் தேடிப் போன கோட்டக்குப்பத்துக்காரன் வெள்ளைக்காரன் போட்ட இன்னொரு எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறான்.

இந்தக் கோட்டைப் பற்றிப் பேச வரவில்லை. கோட்டை விடப் பெரிய சங்கதி கோர்ட்டுகளின் படிக்கட்டு. கீழே மாஜிஸ்திரேட், முன்சீப். அதுக்கு மேலே சப் கோர்ட்டு. அதுக்கு மேலே ஜில்லா கோர்ட்டு, செசன்ஸ் கோர்ட்டு. அதுக்கு மேலே சென்னை ஹைகோர்ட்டு. எல்லாத்துக்கும் மேலே டெல்லி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இப்படித்தான் படம் போட்டிருக்கும். அந்தப் படத்தில் போடாத ஒரு படி உண்டு. சேரியிலிருந்து கிளம்புகிற வழக்கில் பெரும்பாலானது அந்தப் படியிலேயே செத்துப் போகிறது. அந்தப் படிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தொழுக்கட்டையில் தொடங்கியது

சென்னை மாகாணத்தில் கம்பெனி ஆட்சி 1802-இல் ஜில்லா கோர்ட்டுகளை வைத்தது. ஊருக்கு ஊர் வெள்ளைக்கார ஜட்ஜை உட்கார வைக்க முடியாது. சின்னச் சின்னத் தகராறை எல்லாம் யார் பார்ப்பது? அதற்காக 1816-இல் சில ரெகுலேஷன்கள் போட்டார்கள். அந்த வருஷத்து நாலாவது ரெகுலேஷன் ஊர் மணியக்காரரைக் கிராம முன்சீப்பாக ஆக்கியது. சிறு தொகை வழக்குகளை அவரே தீர்க்கலாம். பதினோராவது ரெகுலேஷன் போலீஸ் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தது.

அந்தப் பதினோராவது ரெகுலேஷனை ஒவ்வொரு தலித்தும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் யாராவது திட்டினாலோ கை நீட்டினாலோ, ஊர்த்தலைவர் அவரைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதி என்றால், அப்படிப்பட்ட இழிவான தண்டனை பொருந்தும் ஆள் என்றால், ஆறு மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டி வைக்கலாம். இரண்டு பலகைக்கு நடுவில் ஓட்டை போட்டு, அதில் காலைப் பூட்டி, ஊரே பார்க்க உட்கார வைப்பதுதான் தொழுக்கட்டை.

ஒரே குற்றம். மேல்சாதிக்காரனுக்குச் சாவடி, நமக்குத் தொழுக்கட்டை. இதை மனுதர்மத்தில் தேட வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் இருக்கிறது. நவீன நீதி அமைப்பு என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படியிலேயே சாதி எழுத்தாகப் பதிந்து கிடக்கிறது. கிராம முன்சீப் வேலை பரம்பரை வேலை. அந்தக் குடும்பம் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த குடும்பம். அவர் வயலில்தான் நம்ம ஆட்கள் கூலிக்குப் போனார்கள். கூலி தரவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? அவரிடம்தான். 1889-இல் வந்த கிராமக் கோர்ட்டுச் சட்டமும் சிறு தொகை வழக்குகளை அவரிடமே விட்டு வைத்தது.

மேல்படிகள் மட்டும் ஒழுங்காக எழும்பிக்கொண்டே போயின. 1862-இல் சென்னை ஹைகோர்ட்டு வந்தது. 1873-இல் சிவில் கோர்ட்டுகள் சட்டம் வந்து முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு என்று வரிசை கட்டியது. பாரிமுனையில் சிவப்புக் கட்டடம் எழும்பியது 1892-இல். அதெல்லாம் வக்கீல் வைக்க முடிந்தவனுக்கு. சேரிக்காரனுக்குக் கோர்ட்டு என்றால் அது சாவடித் திண்ணைதான். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்தது 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். சுதந்திரம் வந்து முப்பத்து மூணு வருஷம் கழித்து!

எல்லைக்கு அந்தப் பக்கமும் சொர்க்கம் இல்லை. பிரெஞ்சுக்காரன் 1819-இல் தன் சட்டத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தபோதே, இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படிதான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டான். சாதி வழக்கம் எது என்று கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்ல 1827-இல் உள்ளூர்ப் பெரியவர்களை வைத்து ஒரு ஆலோசனைக் குழுவும் போட்டான். 1881-இல் ஒரு வழி திறந்தது. சாதி வழக்கத்தைத் துறந்து எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். துறந்து எழுதியவர்களில் தலித் கிறித்தவர்கள் நிறைய. இழக்க ஒண்ணும் இல்லாதவன்தானே முதலில் கையெழுத்துப் போடுவான்.

கோர்ட்டு அல்லாத கோர்ட்டு

தொழுக்கட்டை போயிற்று, கிராம முன்சீப் போனார். அந்தப் படி மட்டும் போகவில்லை. அதன் இன்றைய பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை.

1973-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. வழக்கு விசாரிக்கிற மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்குக் கீழே, தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்றவர்கள் நிர்வாக மாஜிஸ்திரேட், சர்க்காருக்குக் கீழே. இந்த இரண்டையும் நம்ம ஜனங்களுக்குப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேரையும் மாஜிஸ்திரேட் என்றுதான் சொல்கிறோம். நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்குக் குற்றம் செய்தவனைத் தண்டிக்கிற வேலை கிடையாது. அமைதி கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவர் கண்ணுக்கு அடித்தவனும் அடிபட்டவனும் 'இரு தரப்பு'.

நம்ம மாவட்டத்திலேயே பாருங்கள். விழுப்புரம் பக்கத்தில் மேல்பாதி. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். கோயிலுக்குள் போக நமக்கு உரிமை உண்டு என்று 1947-லேயே சட்டம் இருக்கிறது. தடுப்பது குற்றம் என்று 1955 முதல் சட்டம் இருக்கிறது. பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தது. 2023 ஜூன் 7-இல் ஆர்.டி.ஓ. 145-ஆவது பிரிவைச் சொல்லிக் கோயிலுக்குச் சீல் வைத்தார். அந்தப் பிரிவு எதற்கு? ஒரு நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அதைத் தடுப்பதற்கு. தீண்டாமை என்கிற குற்றம் இடத் தகராறாக மாறிவிட்டது. 2024 மார்ச்சில் ஹைகோர்ட்டு உத்தரவுப்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில். சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற உரிமையை வாங்க இரண்டு வருஷம்.

ஸ்டேஷனிலும் இதே கதைதான். நாம் ஒரு புகார் கொடுத்தால் அடுத்த மணி நேரத்தில் எதிர்த்தரப்பும் ஒரு புகாரோடு வந்து நிற்கும். கேஸுக்குக் கேஸ். அப்புறம் "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிடுங்கப்பா." நான் பல பேரோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறேன். இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பின நாள் குறைவு. விருத்தாசலம் பக்கத்தில் 2003-இல் கண்ணகியையும் முருகேசனையும் விஷம் கொடுத்துக் கொன்றார்களே, அந்த வழக்கிலேயே போலீஸ் முதலில் இரண்டு பக்கமும் ஆட்களைப் பிடித்துப் போட்டது. முருகேசனைப் பறிகொடுத்த குடும்பத்து ஆட்களும் குற்றவாளி! சி.பி.ஐ. விசாரணைக்குப் போன பிறகுதான் வழக்கு நேரானது. கடலூர் கோர்ட்டு 2021-இல் தீர்ப்புச் சொன்னது. பெண் வீட்டு ஆட்களோடு இரண்டு போலீஸ் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. இருபத்தியிரண்டு வருஷம்.

மேலே போகப் போக

அப்படியானால் மேல்படி ஏறினால் நீதி கிடைக்குமா? அதையும் கண்ணை மூடி நம்ப முடியாது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். நாகப்பட்டினம் செசன்ஸ் கோர்ட்டு 1970-இல் மிராசுதார்கள் எட்டுப் பேருக்குப் பத்து வருஷம் கொடுத்தது. 1973-இல் ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனுஷர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்பது அந்தத் தீர்ப்பின் சந்தேகம். கீழே கிடைத்தது மேலே பறிபோனது.

வாச்சாத்தியில் நேர்மாறு. 1992 ஜூன் 20-இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கீழே யாரும் புகாரைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மேல் கோர்ட்டுகள் தலையிட்டுத்தான் சி.பி.ஐ. வந்தது. 269 பேர் மீது வழக்கு. 2011-இல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். அப்பீலில் 2023-இல் ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது. அதுக்கு முன்னால் அந்த நீதிபதி வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். படிக்கட்டு ஊருக்கு இறங்கி வந்த அபூர்வமான நாள் அது.

திண்டிவனத்துக்காரர்களுக்கு அத்தியூர் வழக்கு தெரியும். 1993-இல் புதுச்சேரி போலீஸ் எல்லை தாண்டி வந்து ஒரு இருளர் பெண்ணுக்குக் கொடுமை செய்தது. குற்றம் நடந்த இடம் நம்ம மாவட்டம் என்பதால் வழக்கு விழுப்புரத்தில். பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் விடாமல் பின்னால் நின்றார்கள். அப்படியும் முதல் தீர்ப்பு வர 2006 ஆனது.

கோர்ட்டு எல்லாப் படியிலும் உறுதியாக நின்றாலும் பின்கதவு ஒன்று இருக்கிறது. மேலவளவில் 1997 ஜூன் 30-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். சேலம் செசன்ஸ் கோர்ட்டு 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன. 2008-இல் மூன்று பேரையும் 2019-இல் பதின்மூன்று பேரையும் சர்க்கார் முன்கூட்டியே வெளியே விட்டது.

இன்னொன்று, பாஷை. கீழ்க்கோர்ட்டில் நம்ம கிழவி தமிழில் சாட்சி சொல்கிறாள். அப்பீல் போனதும் அவள் வார்த்தை இங்கிலீஷாகிறது. அவள் அழுததும் அதட்டியதும் அதில் வராது. ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று 2006-லேயே சட்டசபை தீர்மானம் போட்டது. டெல்லி இசையவில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கீழ்க்கோர்ட்டு நீதிபதி நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு, ஹைகோர்ட்டில் கிடையாது. 1862-இல் தொடங்கிய ஹைகோர்ட்டுக்கு முதல் தலித் நீதிபதியாக ஏ. வரதராஜன் போனது 1973-இல். இடையில் 111 வருஷம். 1980-இல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலித் நீதிபதியும் அவர்தான்.

பக்கவாசல்

இவ்வளவையும் சொல்லிக் கோர்ட்டே வேண்டாம் என்று முடிப்பதற்கு இல்லை. அதைத்தான் ஆதிக்க சாதி விரும்புகிறது. கோர்ட்டை விட்டால் மிச்சம் கட்டப்பஞ்சாயத்துதான்.

இந்தப் படிக்கட்டில் நமக்கென்று ஒரு பக்கவாசல் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1990 ஜனவரி 30 முதல் அமலில் இருப்பது. நம்ம ஜனங்க இன்னும் 'பி.சி.ஆர். கேஸ்' என்றே சொல்கிறார்கள். அது 1955-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் பெயர். புதுச் சட்டம் அதை விட வலுவானது. இந்தச் சட்டப்படி வழக்கை இன்ஸ்பெக்டர் புலன்விசாரணை செய்ய முடியாது, டி.எஸ்.பி. செய்ய வேண்டும். கோட்டக்குப்பத்திலேயே டி.எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது. 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். 2016 ஜனவரியில் அமலான திருத்தத்துக்கு அப்புறம் சிறப்பு நீதிமன்றம் மாஜிஸ்திரேட் படியைத் தாண்டி நேராகவே வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிறப்பு நீதிமன்றம் விழுப்புரத்தில் இருக்கிறது. குற்றப்பத்திரிகை போட்ட இரண்டு மாசத்துக்குள் முடிந்தவரை விசாரணையை முடிக்க வேண்டும். எதிரிக்கு ஜாமீன் கொடுக்குமுன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும். சர்க்கார் வக்கீல் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நமக்கு நம்பிக்கையான வக்கீலை வைக்கச் சொல்லிக் கலெக்டரிடம் கேட்கலாம். வேண்டுமென்றே கடமையைச் செய்யாத அதிகாரி மேல் வழக்குப் போடவும் பிரிவு இருக்கிறது.

இந்த வாசல் தானாகத் திறக்காது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் காசு போட்டு, கூலியை விட்டுவிட்டுப் போகிறவன் மூணாவது வாய்தாவில் சோர்ந்து போகிறான். சாட்சி பிறழ்வது காசுக்காக மட்டும் இல்லை, சோர்விலும்தான். ஆகவே சேரிக்கு ஒருத்தராவது இந்தப் படிக்கட்டைப் படித்து வைத்திருக்க வேண்டும். சாட்சியும் விசாரணைக்கு வரும் காலத்தில் பயணப்படி கேட்டு வாங்கச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. அதை மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் ஆபீசுக்குக் கூப்பிட்டால் போங்கள், பேசுங்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் வராமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.