கார் 'அப்டேட்' ஆகும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

காரை சர்வீசுக்கு விடுகிறீர்கள். மெக்கானிக் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிவிட்டு, "சாவியைத் தொடாதீங்க, அப்டேட் ஓடுது" என்கிறார். ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

காருக்குள் இருப்பது ஒரே ஒரு கணினி அல்ல. இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சில்லு. அதுதான் மைக்ரோகண்ட்ரோலர். அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருள், ஃபர்ம்வேர்.

இவற்றில் பலவற்றுக்குத் திரையும் கிடையாது, வைஃபையும் கிடையாது. ஒன்றோடொன்று பேச இருப்பது ஒரு ஜோடிக் கம்பிதான். பெயர் 'கேன் பஸ்'. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. அப்டேட்டும் அதே கம்பி வழியாகத்தான் வரவேண்டும்.

பூட்லோடர்னா என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தன்னையே அழித்து எழுதினால்? நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான்.

அதனால் சில்லின் நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, சின்னதாக இன்னொரு நிரலை வைக்கிறார்கள். அதுதான் பூட்லோடர். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். அப்டேட் இல்லையென்றால் வழக்கமான மென்பொருளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். இருந்தால் பழையதை அழித்து, புதியதை வாங்கி எழுதும்.

வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பழைய வகை கேன் பஸ்ஸில் ஒரு தகவலுக்கு அதிகபட்சம் 8 பைட். 512 கிலோபைட் ஃபர்ம்வேர் என்றால் குறைந்தது 65,536 துண்டுகள்! எல்லாம் சேர்ந்ததும் பூட்லோடர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தவில்லையா? புதிய மென்பொருளை ஓடவே விடாது.

நடுவுல பவர் போச்சுன்னா?

பழையது அழிந்துவிட்டது, புதியது பாதிதான். கார் கிளம்பாமல் போகலாம். ஆனால் பூட்லோடர் பத்திரமாக இருப்பதால், மறுபடி முதலிலிருந்து அனுப்பலாம்.

பூட்லோடரையே மாற்றும்போது பவர் போனால்தான் உண்மையான சிக்கல். சில்லு வெறும் செங்கல் மாதிரி ஆகிவிடும். பெட்டியைத் திறந்து நேரடியாகக் கம்பி இணைத்துத்தான் மீட்க வேண்டும். சில சில்லுகளில் இரண்டு பகுதிகள் உண்டு: பழையது ஒன்றில் அப்படியே இருக்க, புதியது மற்றொன்றில் ஏறும். செலவு கூடுதல், நிம்மதியும் கூடுதல்.

அனுப்புவது யார்?

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. அந்தக் கணக்கு, தகவல் சிதையாமல் வந்ததா என்று மட்டுமே சொல்லும். அனுப்பியவர் யார் என்று சொல்லாது.

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நிரூபித்துக் காட்டினார்கள். கைப்பேசிக் கட்டமைப்பு வழியாக ஒரு ஜீப் செரோக்கியின் பொழுதுபோக்குச் சாதனத்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து கேன் பஸ்ஸுக்குக் கட்டளை அனுப்ப முடியவில்லை. இடையில் ஒரு சில்லு. அந்தச் சில்லுக்கே தாங்கள் மாற்றி எழுதிய ஃபர்ம்வேரை அனுப்பினார்கள். அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது! பிறகு பிரேக்கிலும் கைவைக்க முடிந்தது.

இதைத் தடுக்கும் வழி மின்னிலக்கக் கையொப்பம். தயாரிப்பாளரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் ஃபர்ம்வேர் கையொப்பமிடப்படும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி சில்லுக்குள் இருக்கும். கையொப்பம் பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை.

ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சுமார் 1.4 மில்லியன் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உரிமையாளர்களுக்கு அப்டேட் அடங்கிய யுஎஸ்பி தபாலில் போனது. தபாலில் வரும் யுஎஸ்பியைக் காரில் செருகப் பழக்கலாமா என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் அப்போதே கேட்டார்கள்.