பிரான்ஸ் கோழை நாடா?

பிரான்ஸ் என்றாலே வெள்ளைக்கொடி என்று கிண்டலடிப்பார்கள். 2003-இல் ஈராக் போருக்கு அந்நாடு ஒத்துவராதபோது அமெரிக்காவில் இந்தக் கிண்டல் ரொம்பவே ஓவர். ஆதாரமாகச் சொல்வது 1940. ஜெர்மனியிடம் ஆறே வாரத்தில் விழுந்தது!

விழுந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆறு வாரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் உயிரை விட்டார்கள். லில் நகரில் சுற்றிவளைக்கப்பட்டவர்கள் மே 31 வரை பல ஜெர்மன் டிவிஷன்களைக் கட்டிப்போட்டார்கள். அந்த நேரத்தில்தான் டன்கிர்க்கில் பிரிட்டிஷ் படை கப்பலேறித் தப்பியது (கிண்டலடிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை). சரணடைந்தவர்களுக்கு ஜெர்மானியரே ராணுவ மரியாதை கொடுத்தார்கள். தவறு தளபதிகளுடையது. ஆர்டென் காட்டு வழியாக டாங்கிகள் பெருமளவில் வராது என்று நம்பி, நல்ல படைகளை பெல்ஜியத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் உலகப்போரில் இதே நாடு 13 லட்சம் வீரர்களைப் பறிகொடுத்தது. 1916-இல் வெர்டனைக் காத்த மாவீரர் என்று பெயர் வாங்கிய பெத்தான்தான், 1940-இல் போர்நிறுத்தம் கேட்டவரும்!