தோல்முட்டைக்குப் பின்னே ஒரு பழைய கணக்கு



சென்னை கே.கே. நகரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். கிராமத்தில் கோழி வளர்த்துப் பழகிய கை. பண்ணையில் கழித்துவிட்ட முட்டைக்கோழிகளில் ஆறு வாங்கி வந்து மாடியில் விட்டார். “ஓடியாடி நாலு முட்டை போடட்டுமே சார்” என்றார். பத்தே நாளில் தோல்முட்டையாக விழ ஆரம்பித்தது. ஒரு கோழி காலை நீட்டிப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அவர் போட்டதெல்லாம் சோறும் அரிசிக் குருணையும்தான்.

உங்களிலும் பலர் சந்தையில் இப்படிக் கழித்த கோழி வாங்கியிருப்பீர்கள். அதனால் இந்தத் தொல்லை எங்கிருந்து வந்தது என்ற கதையை முதலில் சொல்கிறேன். கதை தெரிந்தால் வைத்தியம் தானே புரியும்.

நம் கோழிக்கு மூதாதை காட்டுக்கோழி. அது வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இத்தாலி நாட்டு லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வந்த லெகார்ன் இனம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். இன்று பண்ணைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடுகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. 300 முட்டைக்கு 600 கிராம். கோழியின் உடம்பு முழுக்க இருப்பதோ ஏறக்குறைய 20 கிராம்தான்! அதாவது தன் உடம்பில் உள்ளதைப்போல் முப்பது மடங்கை ஒரே வருஷத்தில் வெளியே கொடுக்கிறது. ஓடு உருவாக சுமார் 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி ராத்திரியில். தீனிப்பை காலியாக இருந்தால் கோழி என்ன செய்யும்? தன் எலும்பைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கும்.

1930-களில் கூண்டு வளர்ப்பு பரவியது. 1950-களில், நன்றாக முட்டையிட்ட கூண்டுக்கோழிகள் கால் துவண்டு விழுவதை அமெரிக்காவில் கவனித்து, கூண்டுக்கோழிச் சோர்வு என்று பெயர் வைத்தார்கள். மாடியில் படுத்த அந்தக் கோழியிடம் நான் கண்டதும் இதே அடையாளங்கள்தான்.

அதற்கும் முன்னே 1920-களில், வெயில் படாத கோழிக்கு வைட்டமின் டி குறையும், அது குறைந்தால் தின்ற சுண்ணாம்பு உடம்பில் ஒட்டாது என்று கண்டறிந்தார்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கத்திரி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துபோகும். ஓடு கட்ட அதுவும் வேண்டும். எனவே காலை வெயிலும் பகல் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தேவை.

நோயாலும் ஓடு கெடும். 1920-களில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்ற வெள்ளைக்கழிச்சல் ஒன்று. 1976-ல் நெதர்லாந்தில் இனம் கண்ட முட்டை குறைவு நோய் இன்னொன்று. இது வாத்திலிருந்து வந்த கிருமி. ஆகவே வாத்தையும் கோழியையும் ஒரே இடத்தில் அடைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மருந்து நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற மதராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கிளிஞ்சலைச் சுட்டு, முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்தார்கள். முட்டைக்கும் கிளிஞ்சலுக்கும் அவ்வளவு பழைய உறவு! ஆனால் கோழிக்குச் சுட்ட சுண்ணாம்பு கூடாது, வாய் வெந்துவிடும். சுடாத கிளிஞ்சலைக் கொரகொரப்பாக நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் வைத்தால் நல்லது. பெரிய துகள் மெல்லக் கரைந்து ராத்திரி முழுக்க உதவும்.

சோறு மட்டும் போதாது. முட்டைக்கோழித் தீவனம் போடுங்கள், அதில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கும். குஞ்சுகளுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் கெடும். இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தினால் ராத்திரி விளக்குப் போட்டுத் தூண்டாதீர்கள். அது எலும்பை மீட்டுக்கொள்ளும் காலம்.

கே.கே. நகர் அம்மா இப்படியே செய்தார். மூன்று வாரத்தில் நான்கு கோழிகளின் முட்டை தேறிவிட்டது. ஐந்தாவது கோழி இன்னும் மெல்லிய ஓடுதான் இடுகிறது. வயதானால் முட்டை பெருக்கும், ஓட்டுச் சத்தோ கூடாது. அதே அளவு சத்தைப் பெரிய முட்டையின் மேல் பரப்பும்போது ஓடு மெலியத்தான் செய்யும். அதற்கு முழு வைத்தியம் கிடையாது.

கழித்த கோழியை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். தூக்கி நிறுத்திப் பாருங்கள், கால் ஊன்றி நிற்கிறதா என்று. வாங்கி வந்த அன்றே கிளிஞ்சல் தட்டை வைத்துவிடுங்கள். அத்தனை நாள் ஊருக்கு முட்டை கொடுத்த ஜீவன், நம் வீட்டில் எலும்பைக் கரைத்து விழ வேண்டாம்.